பேஸ் இயர்போன் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காட்பாடியில் என் கடை மேசைக்கு வரும் இயர்போன்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவையே அல்ல. "பேஸ் அதிரும் என்று போட்டிருந்தது, வாங்கினேன், ஒன்றையும் காணோம் அண்ணா" என்று கல்லூரிப் பையன் ஒருவன் நீட்டுவான். காதுக்குள் போகும் முனை ரப்பரை மாற்றிக் கொடுத்தால் அங்கேயே தலையாட்டத் தொடங்கிவிடுவான். அடுத்து வருபவருக்கு நேர் எதிரான குறை இருக்கும்: பேஸைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை என்பார். பேஸ் என்பது பாட்டின் அடியில் அதிரும் கீழ் ஒலி. கேள்விகள் மாறாததால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவாகாத சோதனை முதலில் வரும், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில் வரும். நடுவில் தாண்டிப் போகாதீர்கள். புதிய செட் வாங்கிய பிறகும் அதே குறையோடு திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் முதல் படியைத் தாண்டியவர்கள்தான்.

சோதனைக்கு வேறொரு போன், நன்றாக வேலை செய்யும் வேறொரு இயர்போன், மூன்று ஒலிப்பதிவுகள் போதும். முதலாவது, யாராவது ஒருவர் செய்தி வாசிப்பது. இரண்டாவது, மிருதங்கத் தனி ஆவர்த்தனம். ரவை பூசிய இடந்தலையில் விழும் கும்கி கீழ் ஒலியையும், வலந்தலையின் நறுக்கென்ற அடி மேல் ஒலியையும் காட்டிக் கொடுக்கும். மூன்றாவது, நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கூத்துப் பதிவு ஏதாவது ஒன்று. ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், கூத்தாடியின் குரல் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்தப் பதிவில் எந்த இயர்போனும் தன் குணத்தை மறைக்க முடியாது. சினிமாப் பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள்; அதில் பேஸ் ஏற்கெனவே ஊதிப் பெருக்கப்பட்டிருக்கும்.

அறிகுறி 1: பாட்டு கேட்கிறது, பேஸ் மட்டும் இல்லை

மிருதங்கப் பதிவை ஓடவிட்டு, இரண்டு காதிலும் உள்ள இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். கேட்டுக்கொண்டே விரலை எடுங்கள். அழுத்தும்போது கும்கி எழுந்து, விட்டதும் மறைகிறதா? மறைந்தால் கீழே உள்ள முதல் கிளைக்குப் போங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் இரண்டாவது கிளைக்கு.

*அழுத்தினால் பேஸ் வருகிறது*

இயர்போனில் பழுதில்லை. காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் காற்று கசிகிறது. கேஸ்கட் தளர்ந்த குக்கரில் விசில் வராததைப் போலத்தான். உள்ளே எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் இருந்தாலும் கசிவு இருந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். பத்து மில்லிமீட்டர் டிரைவர், பன்னிரண்டு மில்லிமீட்டர் டிரைவர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெட்டியோடு வந்த மூன்று அளவு ரப்பரையும் தேடி எடுங்கள். பெரும்பாலோர் நடு அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். ஒரு காதுக்குப் பெரியது, மறு காதுக்கு நடுத்தரம் என்று அமைவது மிகச் சாதாரணம். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பெரிய ரப்பர் போட்டால் பேஸ் கூடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. அளவுக்கு மீறிப் பெரியது காதுக்குள் இறங்காமல் வாசலிலேயே மடங்கி நின்று, மடிப்பு வழியே கசியும்.

போடும் முறையையும் கவனியுங்கள். வலது காதில் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இயர்போனைச் சற்றுத் திருகியபடி உள்ளே விடுங்கள். பிறகு காதை விடுங்கள். இப்போது வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது பேஸ் போய்ப்போய் வந்தால் ரப்பர் அளவு இன்னும் பொருந்தவில்லை.

சித்திரை வைகாசி வெயிலில் வேலூரில் இன்னொரு தொல்லை உண்டு. வியர்வையும் காது மெழுகும் சேர்ந்து ரப்பர் வழுக்கத் தொடங்கும். காலையில் நன்றாக நின்றது மதியம் நழுவும். ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, முழுக்க உலர்த்திப் போடுங்கள். ஸ்பீக்கர் பகுதியில் தண்ணீர் படவே கூடாது. கழுவியும் வழுக்கினால், அல்லது ரப்பர் விறைத்து மஞ்சளாகியிருந்தால், நூறு ரூபாய்க்குள் புது ஜோடிகள் கிடைக்கும். வாங்கும்போது இயர்போனைக் கையோடு எடுத்துப் போங்கள். ரப்பர் மாட்டும் இயர்போன் மூக்கின் தடிமன் செட்டுக்குச் செட்டு மாறும்.

அதற்கும் அடங்காத காதுகளுக்கு நுரை ரப்பர். விரலால் உருட்டிச் சுருக்கி, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்கவேண்டும். அடைப்பு கச்சிதமாக இருக்கும், மேல் ஒலியின் கூர்மை சற்று மழுங்கும். வியர்வையில் சீக்கிரம் உப்பிப் பிய்ந்துவிடும் என்பதால் கோட்டை அகழியைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

*அழுத்தினாலும் வரவில்லை*

முதலில் போனைப் பாருங்கள். ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 'குரல்' அல்லது அதுபோன்ற ஒரு முன்னமைப்பு தேர்வாகியிருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துச் சமநிலைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் கேளுங்கள். வேறு போனிலும் கேளுங்கள். அங்கே பேஸ் வந்தால் உங்கள் போனின் அமைப்புதான் காரணம்.

புளூடூத் இயர்பட்ஸ் என்றால் மைக்கைச் சந்தேகியுங்கள். இணைய வகுப்பு, விளையாட்டுக்குள் பேச்சு, ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து வைத்திருப்பது என எதுவாக இருந்தாலும், மைக் திறந்தவுடன் இயர்பட்ஸ் பாட்டு முறையை விட்டு அழைப்பு முறைக்கு மாறிவிடும். ஒலி பழைய லேண்ட்லைன் போன்போல ஒடுங்கிவிடும். லேப்டாப்பில்தான் இது அதிகம். அங்கே ஒலி உள்ளீட்டுக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பேஸ் தானாகத் திரும்பி வரும்.

ஒயர் தனியாகக் கழன்று வரும் செட் என்றால் அடுத்த சோதனை துருவம். செய்தி வாசிப்பை ஓடவிடுங்கள். குரல் நெற்றிக்கு நடுவில் நிற்கவேண்டும். நடுவில் இல்லாமல் இரண்டு காதோரமும் சிதறி, ஒரு இடத்தில் நிற்காமல் மிதந்தால், ஒரு பக்கத்து ஒயர் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. இரண்டு பின் உள்ள ஒயரில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, பாதி வட்டம் திருப்பிச் செருகுங்கள். குரல் நடுவுக்கு வரும், பேஸும் கூடவே வரும். மேடு வைத்து ஒரே திசையில் மட்டும் செருகும்படி செய்த ஒயர்களில் இதைச் செய்யமுடியாது. அங்கே பலவந்தம் செய்தால் பின் ஒடியும்.

எங்கோ பழுதுபார்த்து வாங்கிய நாளிலிருந்து பேஸ் இல்லை என்றால் அதிகம் யோசிக்கவேண்டாம். ஒரு பக்கத்தில் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இவை எதுவும் இல்லையென்றால் இயர்போன் உடலில் ஊசிமுனை அளவு துளை ஒன்றிரண்டு இருக்கும், அதைத் தேடுங்கள். உள்ளே உள்ள திரை அசைவதற்கு அந்தத் துளை வழியே காற்று போய்வரவேண்டும். தூசியோ வியர்வை உப்போ அடைத்தால் சில ரகங்களில் பேஸ் சாகும், சில ரகங்களில் உப்பிப் போகும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் துடையுங்கள். ஊசியால் குத்துவது கூடாது. துளைக்குப் பின்னால் இருப்பது மயிரிழை போன்ற கம்பியும் மெல்லிய திரையும். குத்திக் கொண்டுவந்ததை யாராலும் மீட்கமுடியாது.

*வீட்டில் பேஸ் உண்டு, ரயிலில் இல்லை*

இது கோளாறே அல்ல. காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அத்தனை தூரமும் சக்கரமும் தண்டவாளமும் எழுப்பும் இரைச்சல் பேஸ் இருக்கும் அதே கீழ் ஒலிப் பகுதியில்தான் விழுகிறது. இரைச்சல் பேஸை மூடிவிடும். ஒலியைக் கூட்டினால் குரலும் ஜால்ராவும் காதைக் கிழிக்கும், பேஸ் அப்போதும் பின்தங்கியே நிற்கும். இதற்கு மருந்து நல்ல அடைப்பு, அல்லது நுரை ரப்பர், அதற்கும் மேல் இரைச்சலை ரத்துசெய்யும் வசதி உள்ள செட். தினமும் போய்வருகிறவர் மட்டும் மூன்றாவதற்குக் காசு போடலாம்.

அறிகுறி 2: பேஸ் மட்டும்தான் கேட்கிறது, குரல் அமுங்குகிறது

கூத்துப் பதிவைப் போடுங்கள். முகவீணையின் இழை தெளிவாகக் கேட்கிறதா, வசனத்தில் 'ச'வும் 'ட'வும் பிரிந்து விழுகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள்.

கேட்டால், ஆனால் அடியில் ஒரு கனமான அதிர்வு தனியாக ஓடினால், உங்கள் செட்டில் ஆழத்துப் பேஸ் அதிகம். ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்). இது நல்ல வகை. காதைவிடத் தாடையில் அதிகம் தெரியும்; பாட்டில் அந்த ஒலி வரும்போது வந்து, முடிந்ததும் விலகும்; குரலைத் தொடாது. இந்த வகையைக் கொண்டுவந்து "பேஸ் போதவில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட பாட்டில் அந்த ஆழத்தில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

முகவீணை கம்பளிக்குள் போனதுபோல மங்கி, குரலே தடித்து, ஆண் குரல் எல்லாம் சளி பிடித்தவர் பேசுவதாகக் கேட்டால், செட்டில் நடுத்தரப் பேஸ் ஊதியிருக்கிறது. 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. கடையில் நின்று ஒரு நிமிடம் கேட்கும்போது இதுதான் ஆளை மயக்கும். ஒரு மணி நேரம் கேட்டால் தலை கனக்கும். குறைந்த விலையில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று வருபவை பெரும்பாலும் இந்த ரகம். என் மனதுக்கு இவை ஒப்பவில்லை. மிருதங்கத்தில் இடந்தலையும் வலந்தலையும் ஒரே தோலாகிவிடுகின்றன.

செய்யவேண்டியவை, வரிசையாக:

போனில் டால்பி, பேஸ் பூஸ்ட் போன்றவை ஓடினால் அணைத்துவிடுங்கள். பேஸ் செட்டின்மேல் பேஸ் பூஸ்ட் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

மூக்கின் முனையில் உள்ள வலையைப் பாருங்கள். முன்பு நன்றாக இருந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கிய செட்டில் குற்றவாளி இதுதான். கடிகாரக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸில் பார்த்தால் வலையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேன் நிறத்தில் மெழுகு படர்ந்திருக்கும். அதில் சட்டைப் பஞ்சு இழை ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணிகள் பாதிக்குமேல் மூடியிருக்கும். மெழுகு முதலில் மறிப்பது மேல் ஒலியை. அதனால் பேஸ் கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மற்றது குறைந்திருக்கிறது. வலை கீழே பார்க்கும்படி பிடித்து உலர்ந்த பல்துலக்கியால் தேயுங்கள். சுவரில் படம் ஒட்டும் களி இருந்தால் சிறு உருண்டை எடுத்து வலைமேல் அழுத்தி இழுங்கள், மெழுகு அதோடு வந்துவிடும். சானிடைசர், தண்ணீர், வாயால் ஊதுவது மூன்றும் வேண்டாம். சானிடைசர் பசையைக் கரைத்து வலையையே கழற்றும். ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பிய்ந்த வலைக்குப் பதிலாக ஒட்டும் வலைகள் விற்கின்றன. அளவு பார்த்து வாங்கி இடுக்கியால் ஒட்டலாம்.

சுத்தம் செய்தும் மாறவில்லை, வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் ஈக்வலைசரில் 125, 250 ஹெர்ட்ஸ் பட்டைகளை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். 60ஐத் தொடாதீர்கள். பேஸின் அதிர்வு அப்படியே நிற்க, குரல் மேலே எழும். இந்த ஒரே மாற்றம் போதும் என்று பலர் புது செட் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருக்கிறார்கள்.

ரப்பரின் வாய் அகலமும் ஓரளவு மாற்றும். வாய் குறுகிய ரப்பர் மேல் ஒலியை அடக்கும், அகலமானது திறந்துவிடும். விலை குறைவு, முயன்று பாருங்கள்.

'நூறு மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும்' என்று விற்றவர் சொல்லியிருந்தால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூறு மணி நேரத்தில் பழகுவது அதிகமும் உங்கள் காதுதான்.

அறிகுறி 3: ஒரு பக்கத்தில் மட்டும் பேஸ் குறைவு

இங்கே மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வித்தை இல்லை.

இடது இயர்போனை வலது காதிலும், வலதை இடது காதிலும் போடுங்கள். குறை இயர்போனோடு கூடவே இடம் மாறினால் பழுது செட்டில். குறை அதே காதிலேயே நின்றால் பழுது ரப்பர் அளவிலோ காதிலோ. காதில் மெழுகு சேர்ந்திருக்கலாம். பஞ்சுக் குச்சி போட்டுக் குடையவேண்டாம், அது மெழுகை இன்னும் உள்ளே தள்ளும். மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்.

பழுது செட்டில்தான் என்றால், கழன்று வரும் ஒயரில், காதில் போடும் இரண்டு தலைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். குறை மாறாமல் அதே தலையில் நின்றால் தலை பழுது. குறை அடுத்த தலைக்குப் போனால் ஒயர் பழுது. 300, 400 ரூபாயிலிருந்து புது ஒயர் கிடைக்கும். தலைதான் என்றால் மேலே சொன்னபடி வலையையும் துளையையும் சுத்தம் செய்யுங்கள்.

போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் இடது வலது சமன் செய்யும் ஒரு கோடு இருக்கும். குழந்தைகள் கையில் போன் போய்வந்தால் அது நடுவில் இருக்காது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

இயர்பட்ஸ் என்றால் சார்ஜ் பெட்டிக்குள் உள்ள பித்தளை முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை உப்புப் படிந்து ஒரு பக்கம் சரியாக சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். பிறகு போனில் இணைப்பை நீக்கி, செட்டை ரீசெட் செய்து மறுபடியும் இணையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய செட்டில் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் அணைந்தால் உள்ளே உள்ள பேட்டரி முடிந்துவிட்டது. அதை மாற்றச் செட்டை உடைத்துத்தான் திறக்கவேண்டும். விலை உயர்ந்த செட் இல்லையென்றால் அந்தச் செலவு தேறாது. நண்பகல் வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பூட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த நாள் முன்பே வரும்.

அறிகுறி 4: பேஸ் அடிக்கும்போது கரகரப்பு

பேச்சுப் பதிவில் கரகரப்பு இல்லை, பாட்டில் மட்டும் இருக்கிறது, அதுவும் ஒலியைக் கூட்டினால்தான் வருகிறதா? ஈக்வலைசரைச் சமப்படுத்துங்கள். 60 ஹெர்ட்ஸை ஆறு டெசிபல் ஏற்றினால் ஒலி போனுக்குள்ளேயே வெட்டுப்படும். பாவம், இயர்போன் கிடைத்ததை அப்படியே தருகிறது. ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஈக்வலைசரில் மொத்த ஒலியையும் கூட்டிக் குறைக்கும் முன்பெருக்கத்தை (ப்ரீஆம்ப்) அதே ஆறு டெசிபல் இறக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் என்றால் பதிவே அப்படி. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த கோயில் திருவிழாப் பம்பை ஒலியை வைத்து எந்த செட்டையும் குற்றம் சொல்லாதீர்கள்.

எல்லாப் பாட்டிலும், குறைந்த ஒலியிலும், ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறதா? 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுர ஒலியை யூடியூபில் தேடி, ஒலி அளவைக் கீழே வைத்துக் கேளுங்கள். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் ரீங்காரம் போல ஒட்டிக்கொண்டு ஒலித்தால் திரையில் மயிரோ தூசியோ ஒட்டியிருக்கிறது. தலையை வலை கீழே பார்க்க வைத்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீரும்.

ஓட்டத்துக்குப் பிறகு, மழையில் நனைந்த பிறகு என்றால் ஈரம். ரப்பரைக் கழற்றி, மருந்துப் பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் வலையில் தவிட்டுத் தூள் ஏறும். ஹேர் டிரையர் பசையை இளக்கும்.

அழுத்திப் பிடித்தாலும், காய்ந்த பிறகும், எல்லாச் சுரத்திலும் கிழிந்த சத்தம் வந்தால் திரை போய்விட்டது. உத்தரவாதக் காலம் இருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போங்கள். செட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனால் ஏற்கமாட்டார்கள். உத்தரவாதம் முடிந்த, ஆயிரம் ரூபாய்க்குக் கீழான செட்டுக்குத் திரை மாற்றுவதில் அர்த்தமில்லை. நானே செய்து தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

சார்ஜ் போட்டுக்கொண்டு ஒயர் இயர்போனில் கேட்கும்போது மட்டும் அடியில் 'ம்ம்ம்' என்று ஓடுவது பேஸ் கோளாறு அல்ல. சார்ஜரிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். காதில் சுருக்கென்று குத்தினால் அந்தச் சார்ஜரைக் குப்பையில் போடுங்கள்.

அறிகுறி 5: இசை வருகிறது, பாடகரைக் காணோம்

குரல் எங்கோ கிணற்றுக்குள் போய், வாத்தியம் மட்டும் மேலே மிதக்கும். பேஸும் கூடவே போயிருக்கும். கேட்டாலே பயந்துவிடுவார்கள், காரணம் அநேகமாக அற்பமானது. ஜாக் முழுவதும் உள்ளே போகவில்லை.

போனின் பின்கவரைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடித்த கவர் ஜாக்கைக் கடைசி ஒரு மில்லிமீட்டரில் தடுக்கும். அடுத்து, போனை அணைத்து, டார்ச் அடித்து ஜாக் துளையைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அடியில் தகடாக அமுங்கிக் கிடக்கும். மரப் பல்குச்சியால் கிளறி எடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம். டைப்-சி செட்டுக்கும் இதே கதைதான், அங்கே இன்னும் மென்மையான கை வேண்டும்.

வேறு போனிலும் குரல் இல்லை, ஜாக் பக்கத்தில் ஒயரை வளைத்தால் வந்து வந்து போகிறது என்றால், பொது ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஜாக்கை வெட்டிவிட்டுப் புதியதைப் பற்றவைக்கலாம். பெரும்பாலான செட்டுகளில் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. ஒயரின்மேல் உள்ள வார்னிஷை ஈயச் சூட்டில் எரித்து எடுக்காவிட்டால் பற்றாது. வீட்டில் முயல்கிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். மல்டிமீட்டரும் சால்டரிங் இரும்பும் கையில் பழகியவர் செய்யலாம். மற்றவர்கள் கடையில் கொடுங்கள், முன்னதாகக் கூலி கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: போடும்போது சடசட, நடந்தால் டொம் டொம்

காதில் செருகும்போது தாள் கசங்குவது போன்ற சத்தம் வந்தால், உள்ளே அடைபட்ட காற்று திரையை வளைக்கிறது. பேஸ் செட்டுகளில் சகஜம். காதை இழுத்துப் பிடித்து மெதுவாகப் போடுங்கள். செருகிய பிறகு ஒரு பக்கம் ஒலியே இல்லாமல் போய், கழற்றிப் போட்டால் திரும்பி வருகிற செட்டை மட்டும், உத்தரவாதம் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது காலடி தலைக்குள் இடிப்பது அடைப்பு நன்றாக இருப்பதன் விளைவு. ஒயர் சட்டையில் உராயும் சத்தம் என்றால் ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விடுங்கள்.

அறிகுறி 7: செட் நன்றாக இருக்கிறது, காதுதான் தொல்லை

இந்தத் தலைப்பில் என் கடைக்கு வேலை இல்லை.

கேட்டு முடித்ததும் காது அடைத்ததுபோல இருந்தால் ஒலி அளவு அதிகம். பேஸ் பிரியர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பேஸ் காதில் குத்துவதில்லை, அதனால் ஒலி எவ்வளவு ஏறிவிட்டது என்று உறைப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். போனில் ஒலி வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் பாட்டு கேட்டால் அது அதிகம், அல்லது அடைப்பு கசிகிறது, அல்லது இரண்டும்.

காதில் அரிப்பு, ஈரம், நாற்றம் இருந்தால் இயர்போனை நிறுத்துங்கள். வியர்த்த காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய், சூடான பூண்டுச் சாறு எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். குணமான காதில் பழைய ரப்பரைத் திரும்பப் போடக்கூடாது. வேறொருவர் செட்டை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

ஒரு நாள் தாண்டியும் 'ங்ங்' என்று காதில் இரைந்துகொண்டிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால், செட் பழுது என்று நினைத்து என் மேசைக்கு வராமல், அறிகுறி 3இல் சொன்னபடி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை பாருங்கள். குறை அதே காதில் நின்றால் அன்றைக்கே சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். மெழுகாக இருந்தால் எடுத்து அனுப்பிவிடுவார்கள். உள்காதுப் பிரச்சினையாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கும் மருந்துதான் அதிகப் பலன் தரும்.